டைம் ட்ராவல் டிராமால இருந்து நாவலுக்கு எதை எடுக்கலாம், எதை விட்டுடணும்?

மழைச்சத்தம்:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா கொரியன், சைனீஸ், ஜப்பான் டிராமா தான் எனக்கு எல்லாமே, அதுலயும் காலம் தாண்டி போற கதைன்னா விடிய விடிய பாப்பேன். இப்போ சொந்தமா ஒரு நாவல் ஆரம்பிச்சிருக்கேன். இந்தக் காலத்து பொண்ணு ஒருத்தி 1964 டிசம்பர்ல தனுஷ்கோடில கண்ணு முழிக்கிறா, 22ஆம் தேதி ராத்திரி புயல் வரும், பாம்பன்ல இருந்து வர்ற ரயில் அலையில போயிடும்னு அங்க அவளுக்கு மட்டும் தான் தெரியும். ஆறு அத்தியாயம் முடிச்சு திருப்பி படிச்சா அவ பேச்சு, நடை, கோவம் எல்லாம் ஸ்கார்லெட் ஹார்ட் டிராமால அரச காலத்துக்கு போற ஹீரோயின் மாதிரியே இருக்கு. பழைய ட்ரான்சிஸ்டர்ல குரல் கேக்குற சீன் ஒண்ணு வெச்சிருந்தேன், இது சிக்னல்ங்கிற கொரியன் டிராமால பழைய காலத்து போலீஸோட பேச வைக்கிற வாக்கி டாக்கி தானேன்னு தங்கச்சி கேட்டுட்டா, அழுகையே வந்துடுச்சு. இந்த டிராமா எல்லாம் பாக்கலன்னா எனக்கு எழுதணும்னே தோணிருக்காது, அதனால ஒதுக்கவும் மனசு வரல. எது வரைக்கும் எடுத்துக்கலாம்?

ஒன்பதாவது பத்தி:
வாக்கி டாக்கிய யாரும் பட்டா போட்டு வாங்கல தோழி, அதுக்காக அழாதீங்க. ஆனா உங்க ட்ரான்சிஸ்டர் ஏன் பேசுது, அது யாரோடது, எத்தன தடவ பேசும், இதுக்கு உங்ககிட்ட பதில் இருக்கா? 2013ல வந்த நைன்ங்கிற கொரியன் டிராமா பாத்திருப்பீங்க. ஊதுபத்தி ஒன்பது, ஒண்ணு எரியிற நேரம் 30 நிமிஷம், கொளுத்தினா சரியா 20 வருஷம் பின்னாடி போகலாம், அவ்ளோதான் சட்டம். ஹீரோ டிவில நியூஸ் வாசிக்கிறவன், மூளையில கட்டி, நாள எண்ணிட்டு இருக்கான். அண்ணன் வாழ்க்கைய சரி பண்ணலாம்னு போறான், அண்ணனும் ஆசப்பட்டவங்களையே கட்டிக்கிறார், ஆனா ஹீரோ காதலிக்கிற பொண்ணு அந்த அண்ணியோட மக, அதனால இவன் திரும்பி வந்து பாத்தா அவ அண்ணன் மகளா நிக்கிறா, இவன சித்தப்பா முறைல கூப்பிடுறா! அத பாத்துட்டு ரொம்ப நேரம் அடுத்த எபிசோட் போட கை வரல. ஒரு நல்லது பண்ணா எது கை விட்டுப் போகும்ங்கிற அந்த கணக்கு தான் நம்மள 20 எபிசோடும் உக்கார வைக்குது. உங்க கதைக்கு அந்த கணக்க ஒரு தாள்ல எழுதி செவுத்துல ஒட்டிட்டு ஏழாவது அத்தியாயத்துக்கு போங்க.

ஓரக்குறிப்பு:
ஸ்கார்லெட் ஹார்ட் முதல்ல நாவல் தான்ங்க, துங் ஹுவா 2005ல நெட்ல தொடரா எழுத ஆரம்பிச்சது, சைனால சீரியலா வந்தது 2011. 2016ல அதையே கொரியாக்காரங்க முறைப்படி எடுத்து கோர்யோ அரச காலத்துக்கு கொண்டு போனாங்க. அவங்களுக்கு உரிமை இருந்துச்சு, நமக்கு இல்ல, அதனால ஆள தூக்கிட்டு வராதீங்க. அந்த கதை ஏன் வலிக்குதுன்னு மட்டும் பாருங்க. சைனீஸ்ல ஹீரோயின் ருவோஷி இந்தக் காலத்து பொண்ணு, அவளுக்கு கடைசியில நாலாவது இளவரசர் தான் அரியணை ஏறுவார்னு தெரியும், நடுவுல என்ன நடக்கும்னு முழுசா தெரியாது. எட்டாவது இளவரசர் மேல இருந்த பாசத்துல அவர்கிட்ட, நாலாமவர் விஷயத்துல ஜாக்கிரதையா இருங்கன்னு சொல்லி வைக்கிறா, அந்த ஒரு பேச்சு தான் சூழ்ச்சியாகி அவ உயிர் நண்பன் பதிமூணாவது இளவரசர் பத்து வருஷம் அடைபட்டு கிடக்க காரணமாகுது. அரைகுறையா தெரிஞ்சது தான் அவளுக்கு வினையாச்சு. உங்க பொண்ணுக்கு தனுஷ்கோடி பத்தி நிஜமா எவ்ளோ தெரியும்? நம்மள்ல பல பேருக்கு புயல், ரயில், இடிஞ்ச சர்ச், அதுக்கு மேல தெரியாது. அவளுக்கும் அவ்ளோ மட்டும் தெரிஞ்சா போதும், எல்லாம் தெரிஞ்சவளா இருந்தா கதை ரெண்டு பக்கத்துல முடிஞ்சிடும்.

தேனிக்காரன்:
ஜின் பாருங்கக்கா, ஜப்பான் டிராமா, 2009லயும் 2011லயும் வந்தது. இந்தக் காலத்து டாக்டர் 1862 எடோவுல, அதாவது பழைய டோக்கியோல போய் விழறாரு, மண்டைய திறக்கணும், கையில இருக்கிறது உளியும் சுத்தியும் தான். பெனிசிலின்னு பேர் தெரிஞ்சா மட்டும் மருந்து வந்துடுமா, பூஞ்சைய வளக்கணும், வடிக்கணும், சோயா சாஸ் பட்டறைக்காரங்க வரைக்கும் ஆள் சேக்கணும். உங்க பொண்ணு ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட போய் என்ன சொல்லுவா? அவர் எதுக்கு நம்பணும்? அப்போ தனுஷ்கோடி இலங்கைல இருக்கிற தலைமன்னாருக்கு போற கப்பலுக்கு ஆள் ஏறி இறங்குற ஊரு, அந்த கப்பல பிடிக்க போட் மெயில் ரயில்ல வர்ற கூட்டம், சுங்க ஆபீஸ், மீன் விக்கிறவங்க, இதையெல்லாம் தேடி எழுதுங்க, எந்த டிராமாவோட சாயலும் தானா போயிடும்.

கடல்புறம்:
நான் சொல்றது கொஞ்சம் கனமான விஷயம், கோவிச்சுக்காதீங்க. சிக்னல் கதைக்கு பின்னாடி தென்கொரியாவுல ஹ்வாசொங்ங்கிற ஊர்ல 1986ல இருந்து 1991 வரைக்கும் நடந்த நிஜ கொலைங்க இருக்கு. சீரியல் 2016ல வந்தப்போ குற்றவாளி யாருன்னே தெரியாது, 2019ல தான் டிஎன்ஏ வெச்சு கண்டுபிடிச்சாங்க. அதுல ஒரு கேஸ்ல தப்பா மாட்டி சுமார் 20 வருஷம் ஜெயில்ல இருந்த மனுஷன 2020 கடைசில தான் நிரபராதின்னு கோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு. இத தெரிஞ்சுகிட்டு மறுபடி சிக்னல் பாத்தா, செத்தவங்க வீட்டு ஆளுங்க எத்தன வருஷமானாலும் காத்திருக்கிற அந்த சீனெல்லாம் வேற மாதிரி அடிக்குது. தனுஷ்கோடிலயும் செத்தவங்க நிஜ மனுஷங்க, அவங்க பிள்ளைங்க இன்னும் இருக்காங்க. உங்க நாவல்ல ரயில் தப்பிச்சுடுச்சுன்னு எழுதறதா இருந்தா, அந்த குடும்பத்துல ஒருத்தர் முன்னாடி உக்காந்து வாசிச்சு காட்ட முடியுமான்னு யோசிச்சுட்டு எழுதுங்க.

மழைச்சத்தம்:
கடல்புறம் அண்ணா, உங்க பதில ராத்திரி பூரா திரும்ப திரும்ப படிச்சேன். ரயிலுக்கு நடந்தத நடந்தபடியே விடப்போறேன். ட்ரான்சிஸ்டர எடுத்துட்டேன். அவளுக்கு தெரிஞ்சது எல்லாம் சின்ன வயசுல அவ ஆச்சி சொன்ன கதை மட்டும், அதுல ஆச்சி ஒரு இடத்த மாத்தி சொல்லிருப்பாங்க, அத நம்பி அவ யாரையோ தப்பான பக்கம் அனுப்பிடுவா, அது ஆச்சியோட தம்பி. இத யோசிச்சப்போ எனக்கே கை நடுங்குச்சு. முதல் ஆறு அத்தியாயத்துல ஸ்டேஷன் பிளாட்பார்ம் வர்ற நாலு பக்கத்த மட்டும் வெச்சுகிட்டு மத்தத திரும்ப எழுத உக்காந்துட்டேன். அந்த காலத்துல தலைமன்னார் கப்பல்ல போய் வந்தவங்க யார் வீட்லயாவது இருந்தா, அவங்க சொன்னத இங்க எழுதுங்களேன்.