உறையவைத்த மூன்று கருக்கள்: நம்புகிறவர்கள் என்ன செய்வீர்கள்?

கடிதம் வந்தவள் கேட்கிறார்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் கேட்க முடியாததால் இந்த இணைய மன்றத்தில் கேட்கிறேன்.

கல்யாணமாகி 9 வருடம் குழந்தை இல்லை. ஐ.வி.எஃப். செய்தோம், அதாவது முட்டையை வெளியே எடுத்து ஆய்வகத்தில் கருவாக்கிக் கர்ப்பப்பையில் வைக்கும் சிகிச்சை. 11 முட்டை எடுத்தார்கள், 7 கருவானது, ஐந்தாம் நாள் வரை தாக்குப்பிடித்தவை 5. முதலில் வைத்தது தங்கவில்லை. இரண்டாவதாக வைத்ததுதான் என் மகள், இப்போது நாலு வயது. மீதி மூன்றும் தொட்டியில் உறைந்திருக்கின்றன. பிரசவத்தில் நஞ்சுக்கொடி கர்ப்பப்பைக்குள் ஊடுருவி ஒட்டிக்கொண்டதால் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். இனி நான் சுமக்க வழியில்லை.

வருடா வருடம் மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம் வரும். அதில் நாலு கட்டம்: தொடர்ந்து பாதுகாக்க, வேறு தம்பதிக்குக் கொடுக்க, ஆராய்ச்சிக்குக் கொடுக்க, அப்புறப்படுத்த. இதுவரை முதல் கட்டத்திலேயே டிக் போட்டு அனுப்பிவிட்டேன். அந்த நாலாவது வார்த்தையில்தான் ஒவ்வொரு முறையும் கண் நிற்கும். ஊசியையும் பஞ்சையும் அல்லவா அப்புறப்படுத்துவார்கள்?

மகள் பிறந்தபோது சபையில் சாட்சி சொன்னோம். "கர்த்தர் என் கர்ப்பத்தைத் திறந்தார்" என்றேன். பொய் இல்லை. ஆனால் ஐ.வி.எஃப். என்ற சொல்லை விழுங்கிவிட்டேன். கருக்கலைப்புக்கு எதிராக வருடத்துக்கு ஒரு பிரசங்கம் நடக்கும். சங்கீதம் 139 வாசிப்பார்கள்: "என் கருவை உம்முடைய கண்கள் கண்டது." நானும் ஆமென் சொல்வேன், மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே.

கணவர் இதைப் பற்றிப் பேசவே மாட்டார். "இப்போதைக்கு இருக்கட்டும்" என்பதோடு சரி.

கருவான நிமிடத்திலிருந்தே அது உயிர் என்று நம்புகிறவள் நான். வெறும் செல்தானே என்று யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம், அது எனக்கு உதவாது. அப்படி நம்புகிறவர்கள் என் இடத்தில் இருந்தால் எந்தக் கட்டத்தில் டிக் போடுவீர்கள்?

ஜெபவீரன்:

சிஸ்டர், ஆபிரகாம் அடிமைப்பெண்ணிடம் பிள்ளை பெற்றதுபோல, கர்த்தருடைய வேளைக்குக் காத்திருக்காமல் இஸ்மவேலைத் தேடினால் இப்படித்தான் ஆகும். மனந்திரும்பி ஜெபியுங்கள். அவர் வழி காட்டுவார்.

ஆய்வக ஊழியன்:

கருவியல் ஆய்வகத்தில் 12 வருடமாக வேலை செய்கிறேன், விசுவாசியும்கூட. முதலில் ஒன்று: அவசரம் இல்லை. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் கருவுக்கு வயது ஏறாது. அமெரிக்காவில் 1992இல் உறையவைத்த கருக்களிலிருந்து 2022இல் இரட்டையர் பிறந்தார்கள். ஆனால் வெளியே எடுக்கும்போது மூன்றும் பிழைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. பிழைத்தாலும், வைத்தது தங்குமா என்பது வேறு கதை. அது உங்களுக்கே தெரியும்.

நாலாவது கட்டத்தில் டிக் வந்தால் நாங்கள் செய்வது இவ்வளவுதான்: தொட்டியிலிருந்து எடுத்து அறை வெப்பநிலையில் வைத்துவிடுவோம். அந்த வேலை வரும் நாளில் பக்கத்து மேசைக்காரரிடம் தள்ளிவிடுவேன். அதனால் என் கை சுத்தம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

இனிமேல் சிகிச்சைக்குப் போகிறவர்கள் யாராவது படித்தால், அவர்களுக்கு ஒரு வார்த்தை. முட்டை எடுப்பதற்கு முன்பே சொல்லுங்கள்: இரண்டோ மூன்றோ முட்டையை மட்டும் கருவாக்குங்கள், மீதியை முட்டையாகவே உறையவையுங்கள் என்று. கருவாகாத முட்டையை வைத்து இந்த மாதிரிக் கடிதம் வந்தால் தூக்கம் கெடாது. வாய்ப்பு கொஞ்சம் குறையும், டாக்டருக்கும் பிடிக்காது. ஜெர்மனியில் 1990இல் வந்த சட்டமே அப்படி: ஒரு சுழற்சியில் கர்ப்பப்பையில் வைக்கப்போகிற அளவுக்கு மேல் முட்டையைக் கருவாக்கக் கூடாது, வைப்பதும் 3க்கு மேல் கூடாது.

ஞாயிறு பூசைக்காரன்:

சகோதரி, நான் கத்தோலிக்கன். எங்கள் திருச்சபை 1987லேயே ஐ.வி.எஃப். கூடாது என்று எழுதிவிட்டது. கருக்கள் அழிகின்றன என்பது ஒரு காரணம். பிள்ளை கணவன் மனைவி தாம்பத்தியத்தில் கனிய வேண்டியது, அதை ஆய்வகத்தில் தயாரிப்பது முறையல்ல என்பது இன்னொன்று.

உங்கள் கேள்விக்கு வந்தால், 2008இல் வத்திக்கான் வெளியிட்ட ஆவணம் உறைந்த கருக்களின் நிலையைத் தீர்க்க முடியாத அநீதி என்றே சொல்கிறது. வேறு தம்பதி அவற்றை ஏற்றுச் சுமப்பது நல்ல எண்ணம் என்று பாராட்டிவிட்டு, அதிலும் சிக்கல்கள் உண்டு என்று நிறுத்திக்கொள்கிறது. எங்கள் இறையியலாளர்கள் இன்றுவரை இதில் ஒத்துப்போகவில்லை. எல்லோருக்கும் விடை தெரிந்து உங்களுக்கு மட்டும் தெரியாமல் போனதாக நினைத்துக்கொள்ளாதீர்கள், அதற்காகத்தான் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற போதகர்:

மகளே, அந்த இஸ்மவேல் பேச்சை மனதில் வைக்காதே. அந்தப் பெயருக்கே "தேவன் கேட்கிறார்" என்றுதான் அர்த்தம். வனாந்தரத்தில் அந்தப் பிள்ளையின் சத்தத்தைத்தான் அவர் கேட்டார்.

34 வருடம் சபை நடத்தினேன். திருமணத்துக்கு முன் ஒவ்வொரு ஜோடியையும் உட்காரவைத்துக் கடன், மாமியார், கற்பு, குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் பேசியிருக்கிறேன். குழந்தை இல்லாமல் வந்தவர்களுக்கு எண்ணெய் பூசி ஜெபித்தேன். சிகிச்சைக்குப் போகிறோம் என்றால் "நல்லது, போய் வாருங்கள்" என்றேன். எத்தனை கரு உருவாக்குவீர்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. எனக்கே தெரியாது, கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை. பிள்ளை பிறந்ததும் ஸ்தோத்திர ஆராதனை நடத்த மட்டும் தெரிந்தது. உன் சாட்சியில் ஒரு சொல் விட்டுப்போனதற்கு என்னைப் போன்றவர்களும் காரணம்.

அமெரிக்காவில் சதர்ன் பாப்டிஸ்ட் என்ற புராட்டஸ்டண்ட் சபையார் 2024இல்தான் இதைப் பற்றித் தீர்மானம் போட்டார்கள். ஐ.வி.எஃப்.பில் முதல் குழந்தை பிறந்தது 1978இல். எவ்வளவு தாமதம் பார். அந்தத் தீர்மானம் உறைந்த கருக்களைத் தத்தெடுக்கும் தம்பதிகளைப் பாராட்டுகிறது.

என்னைக் கேட்டால் இரண்டாவது கட்டம். வாடகைத் தாயை நான் ஏற்க மாட்டேன், ஒரு பெண்ணின் வயிற்றை ஒப்பந்தத்தில் எழுதுவது அது. கருவைத் தத்துக் கொடுப்பது வேறு. பிள்ளைகள் ஏற்கெனவே இருக்கிறார்கள், வீடுதான் இல்லை. மூன்றாம் ஆள் தாம்பத்தியத்துக்குள் வருகிறாரே என்பார்கள். ஒவ்வொரு தத்தெடுப்பிலும் யாரோ பெற்ற பிள்ளைதானே வருகிறது? அப்புறம், சபையில் நம்பக்கூடிய ஒரே ஒரு தம்பதியிடமாவது இதைச் சொல். மேடையேறிச் சொல்ல வேண்டியதில்லை.

கடிதம் வந்தவள்:

எல்லோருக்கும் நன்றி. ஜெபவீரன் பிரதர், என் மகளுக்கு இஸ்மவேல் என்று பெயர் வைக்கவில்லை, வேறு நல்ல பெயர் வைத்திருக்கிறோம்.

நேற்று ராத்திரி இந்தத் திரியைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். அறை வெப்பநிலை என்ற இடம் வந்ததும் "போதும்" என்றார். விளக்கை அணைத்து ரொம்ப நேரம் கழித்து, தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன், "கொடுத்தால் அவர்களுக்கும் இவள் மூக்கு இருக்குமா?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அந்த மூன்றைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

ஆய்வகத் தம்பிக்கு ஒரு கேள்வி. மூன்றையும் ஒரே தம்பதிக்குத்தான் கொடுக்க வேண்டும், எதையும் தரம் பார்த்து ஒதுக்காமல் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட முடியுமா?

ஆய்வக ஊழியன்:

கேட்டுப் பார்க்கலாம் சிஸ்டர். படிவத்தில் அதற்கு இடம் இருக்காது. தனிக் கடிதமாக எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, பெற்றுக்கொண்டதாக எழுத்தில் வாங்குங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் யாருக்குப் போகிறது என்றே தெரியவிடமாட்டார்கள். வேறு இடங்களில் இரு குடும்பமும் சம்மதித்தால் அறிமுகம் ஆகலாம். முதலில் அதைக் கேளுங்கள், உங்கள் வீட்டுக்காரரின் கேள்விக்கும் அப்போதுதான் பதில் கிடைக்கும்.

தரம் விஷயத்தில் நீங்கள் பயப்படுவது நியாயம்தான். உங்கள் கோப்பில் ஒவ்வொரு கருவுக்கும் 4ஏஏ, 3பிபி என்கிற மாதிரி அதன் தரத்தைக் காட்டும் ஒரு குறியீடு இருக்கும். பார்வைக்குச் சுமாரான கருவிலிருந்தும் பிள்ளை பிறந்து நான் பார்த்திருக்கிறேன். மூன்றில் தரம் குறைந்தது எது என்று பார்த்து, அந்தக் கருவின் எண்ணைக் குறிப்பிட்டே கடிதத்தில் எழுதுங்கள். எழுதாவிட்டால் அதைத்தான் முதலில் ஒதுக்குவார்கள்.