விபூதி போட்டுத் தேய்த்த புரூஃப் நாணயம்: காப்பாற்ற வழி உண்டா?

வணக்கம் எல்லோருக்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன்.

காவடிக்கு முந்தின நாள் அம்மா பூஜைச் சாமான் துலக்கினார். குத்துவிளக்கு, சந்தனக் கிண்ணத்தோடு மேசையில் திறந்து வைத்திருந்த என் 2018 க்ரூகர்ரேண்ட் என்ற தென்னாப்பிரிக்க வெள்ளி நாணயத்தின் புரூஃபையும் (சேகரிப்போருக்காகக் கண்ணாடி போலப் பளபளக்க அச்சிட்டது) விபூதி போட்டுத் தேய்த்துவிட்டார். "எப்படிப் பளபளன்னு இருக்கு பாருப்பா!" என்று வேறு கேட்டார். வெளியே எடுத்து வைத்தது என் தப்புதான்.

அதில் பொறித்த ஸ்பிரிங்பாக் மானின் பனி படர்ந்த மாதிரியான வெண்மை தப்பித்துவிட்டது. ஆனால் சுற்றியுள்ள கண்ணாடிப் பரப்பை விளக்கடியில் சாய்த்தால், வட்ட வட்டமாக மயிரிழைக் கீறல்கள். இதற்கு இனி மருந்து இல்லை, தரச்சான்றுக்கு அனுப்பினாலும் 'துலக்கியது' என்றுதான் வரும் என நினைக்கிறேன். சரிதானா?

அவசரம் இன்னொன்றுக்கு. அப்பா விட்டுப்போன 1974 ஒரு ரேண்ட் புரூஃப், பிரிட்டோரியா நாணயச்சாலையின் 50 ஆண்டு நினைவாக வந்தது. 15 கிராம், 80 சதவீத வெள்ளி, மீதி செம்பு. பழைய பிவிசி பிளாஸ்டிக் உறையில் கிடந்து, ஓரத்தில் பச்சையாகப் பிசுபிசுக்கிறது. சுத்தமான அசிட்டோனில் (நகப்பூச்சு நீக்கி அல்ல!) தேய்க்காமல் ஊறவைக்கலாம் என்கிறார்கள். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? எவ்வளவு நேரம்? பச்சைக்கு அடியில் வெள்ளி அரித்திருக்குமா?

அப்புறம், க்ரூகர்ரேண்டுக்கு 38.7 மிமீ கேப்சூல் (நாணயத்தை மூடி வைக்கும் வட்ட டப்பா) டர்பனில் எங்கே கிடைக்கும்? கடல் காற்றில் இங்கே வெள்ளி சீக்கிரம் மங்குகிறது. அதற்குள் அம்மாவும் அடுத்த காவடிக்குத் தயாராகிவிடுவார்.