வொர்க்ஸ்பேஸ்: பணியிடமா, பணிக்களமா, பணியமைவா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மென்பொருள் பட்டிகளை (மெனு) நாம் தமிழாக்கும்போது, வொர்க்ஸ்பேஸுக்குப் 'பணியிடம்' என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம் என்ற கருத்தை ஏற்க மனம் வரவில்லை. நாளிதழ் படிப்பவருக்குப் பணியிடம் என்றால் நிரப்பப்பட வேண்டிய வேலை. 'புதிய பணியிடம்', 'பணியிடத்தை நீக்கு' என்று ஃபோட்டோஷாப் பட்டியில் போட்டுப் பாருங்கள். ஆட்சேர்ப்பு அறிவிப்பு போலவே இருக்கும்.

சொல்லைத் தேடும் முன் அந்தக் கட்டளை என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். வலைப்பக்க வடிவமைப்பாளர் ஒருவர் தூரிகைப் பலகத்தை (பேனல்) மூடுகிறார். அடுக்குகள், எழுத்துரு, பண்புகள் ஆகிய பலகங்களை வலப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டவைக்கிறார். பிறகு புதிய வொர்க்ஸ்பேஸ் கட்டளையைச் சொடுக்கிப் பெயர் கொடுக்கிறார். பலகங்கள் இருக்கும் இடம் தானாகவே பதிவாகிவிடும். விசைக் குறுக்குவழிகள், பட்டிகள், கருவிப்பட்டை ஆகியவற்றையும் சேர்க்க வேண்டுமானால் பெயர் கேட்கும் பெட்டியிலேயே குறியிட வேண்டும். அவ்வளவுதான். படம் இதில் இல்லை, கோப்பும் இல்லை. ஆக, சேமிக்கப்படுவது ஓர் இடமே அல்ல. பொருள்களை அடுக்கிவைத்த விதம்.

இதனால்தான் 'பணிக்களம்' என்ற பரிந்துரையும் எனக்கு உறுத்துகிறது. ஓசை அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 'பணிக்களத்தை நீக்கவா?' என்று திரை கேட்டால், செய்த வேலையெல்லாம் போய்விடுமோ என்று புதியவர் பதறுவார். உண்மையில் ஒரு புள்ளிகூட அழியாது.

'பணி அமைப்புகள்' சரிவராது. அமைப்புகள் என்பது செட்டிங்ஸுக்கு நிலைத்துவிட்ட சொல். மேலும், அளவுகோலின் அலகைப் பிக்சலுக்கு மாற்றுவது வலை வடிவமைப்பாளர் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று. அது விருப்பத்தேர்வுகளில் இருக்கிறது, வொர்க்ஸ்பேஸோடு சேமிக்கப்படுவதில்லை. இரண்டையும் ஒரே பெயரில் கட்டினால் குழப்பம்தான் மிஞ்சும்.

என் பரிந்துரை 'பணியமைவு'. பட்டியில் இப்படி வரும்: புதிய பணியமைவு, பணியமைவை மீட்டமை, பணியமைவை நீக்கு. மீட்டமை என்பதும் இங்கே பொருந்துகிறது. இழுத்துக் கலைத்த பலகங்கள் சேமித்த நிலைக்குத் திரும்புகின்றன. அமைவு என்பதைச் செட்டப்புக்குச் சிலர் பயன்படுத்துவது தெரியும். 'பணி' முன்னே நிற்பதால் மோதல் வராது என்று நினைக்கிறேன்.

ஓவியம் வரையும் மென்பொருளான கிருதாவுக்கும் இதே சொல் பொருந்தும். அங்கும் பலகங்களின் அடுக்கைப் பெயரிட்டுச் சேமிக்கலாம். படங்களைத் திருத்தும் மென்பொருளான கிம்ப் வேறு கதை. 2012இல் வந்த 2.8 பதிப்பில்தான் ஒற்றைச் சாளர முறையே கிடைத்தது. 2.10இலும் பெயரிட்ட பணியமைவுகள் கிடையாது. வெளியேறும்போது இருந்த சாளர நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும், அவ்வளவே. அங்கே 'சாளர நிலைகளைச் சேமி' என்பதே போதும். லினக்ஸ் கணினிகளின் மேசைத்தளச் சூழலான க்னோமில் வொர்க்ஸ்பேஸ் என்பது மெய்நிகர் மேசைத்தளம். அதற்கும் பணியமைவு என்று எழுதிவிட வேண்டாம். ஆங்கிலத்தில் சொல் ஒன்று என்பதற்காகத் தமிழிலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லை மட்டும் அனுப்பாமல், மேற்சொன்ன மூன்று கட்டளைகளிலும் பொருத்தி எழுதி அனுப்புங்கள். கூடவே, பேனலுக்குப் பலகமா பலகையா என்பதையும் இம்முறை முடித்துவிடுவோம். நான் பலகத்தின் பக்கம். பலகை என்றால் விசைப்பலகைதான் முதலில் நினைவுக்கு வருகிறது.