டீன் ஜோன்ஸை சேப்பாக்கத்தில் பார்த்தவர்கள் இங்கே எழுதுங்கள்

திருவல்லிக்கேணி வாசு | 24 செப்டம்பர் 2020

ஆஸ்திரேலிய மட்டையாளர் டீன் ஜோன்ஸ், நம் டீனோ, போய்விட்டார். மும்பையில், தங்கியிருந்த ஹோட்டலிலேயே மாரடைப்பு. 59 வயதுதான். ஐபிஎல் டிவி நிகழ்ச்சிக்காக வந்திருந்தவர். 1986ல் இங்கே இரண்டு அணியும் சம ரன்னில் முடித்த டை டெஸ்டின் கடைசி நாளான செப்டம்பர் 22 போய் இரண்டே நாள். செய்தி கேட்டதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

1986, அந்த இந்தியா-ஆஸ்திரேலியா டெஸ்டின் இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை. நான் ஏழாவது படித்தேன். ஒரு சீசன் டிக்கெட்டை முதல் நாள் அண்ணனுக்கு, இரண்டாம் நாள் எனக்கு என்று அப்பா பிரித்திருந்தார். காலையில் ஜோன்ஸ் ஃபோர் அடிக்கும்போதெல்லாம் எங்கள் ஸ்டாண்டே திட்டியது. சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு ஒரு ஃபோர் போனது. பிட்சை விட்டு நாலடி தள்ளிப் போய், மட்டையை ஊன்றிக் குனிந்து, வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி ஆட நின்றார். காலையிலிருந்து தொண்டை கிழியத் திட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எனக்குப் பின்னால் எழுந்து நின்று, "யாராவது அந்தப் பையனுக்குத் தண்ணி குடுங்கப்பா!" என்று கத்தினார். அந்தக் குரல் 34 வருஷமாகக் காதில் இருக்கிறது. 210ல் நம் பௌலர் யாதவ் போல்டாக்கும் வரை எங்கள் பக்கத்தில் யாரும் அதற்குப் பிறகு அவரைத் திட்டவில்லை.

கீதா, நங்கநல்லூர் | 24 செப்டம்பர்

நான் நேரில் பார்க்கவில்லை, டிவிதான். எங்கள் தெருவில் அப்போது இரண்டு வீட்டில்தான் டிவி, அதில் ஒன்று மாடி வீட்டு மாமியுடையது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அங்கே கூடம் நிறைய ஆட்கள், நடுவில் என் பாட்டி. பாட்டிக்கு கிரிக்கெட்டில் எது ரன், எது அவுட் என்றுகூடத் தெரியாது. ஜோன்ஸ் நிற்க முடியாமல் கால் இழுத்துக்கொண்டு தள்ளாடுவதைப் பார்த்துவிட்டு, "பெத்தவ பாத்தா தாங்குவாளா? உள்ள கூட்டிண்டு போய் ஒரு டம்ளர் மோர் குடுக்கக் கூடாதோ?" என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டே இருந்தாள். மாமா ஒருத்தர், "பாட்டி, அவன் நம்ம எதிரி டீம்" என்றார். பாட்டிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "எதிரியானா பசி தாகம் கிடையாதா?"

அன்றைக்கு ராத்திரி அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து சலைன் ஏற்றுகிறார்கள் என்று தெரிந்ததும் பாட்டி சாமி விளக்கு முன்னால் போய் நின்றாள். ஆஸ்திரேலிய கேப்டன் ஆலன் பார்டரை எனக்குப் பிடிக்காமல் போனது அதனால்தான். ஒரு பிள்ளை முடியவில்லை என்று சொல்லும்போது, வேண்டுமானால் போ, உரமான குயின்ஸ்லாந்துக்காரன் ஒருவனை இறக்குகிறேன் என்று சொல்பவர் என்ன கேப்டன்?

சூளைமேடு பாலு | 24 செப்டம்பர்

கீதா மேடம், பார்டரைத் தப்பாகச் சொல்லாதீர்கள். அந்த வார்த்தை இல்லையென்றால் 170 சொச்சத்தில் ஜோன்ஸ் உள்ளே போயிருப்பார், நாம் இன்றைக்கு இந்த இழையில் உட்கார்ந்திருக்க மாட்டோம். அடுத்து இறங்க வேண்டியவர் கிரெக் ரிட்சி, அவரும் பார்டரைப் போலவே குயின்ஸ்லாந்து மாநிலம்தான். விக்டோரியா மாநிலத்துப் பையனான ஜோன்ஸுக்கு ரோஷம் வரும் என்று தெரிந்தே சொன்னார். தானும் அதே அனலில் நின்று 106 அடித்தவர் அவர். ஜோன்ஸே பின்னாளில் இந்தக் கதையைப் பெருமையாகத்தான் சொல்லி வந்தார்.

நான் பார்த்தது கடைசி நாள். ஆஸ்திரேலிய ஸ்பின்னர் கிரெக் மேத்யூஸ் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து வீசினார், இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்து ஐந்து விக்கெட். நம் கடைசி ஆட்டக்காரர் மணிந்தருக்கு எல்பிடபிள்யூ கொடுத்தது அநியாயம். மட்டையில் பட்டது. நடுவர் விக்ரம்ராஜு அதற்குப் பிறகு டெஸ்டில் நிற்கவே இல்லை.

கோச் செல்வம் | 25 செப்டம்பர்

என் கதை சின்னது. மூன்றாம் நாள் போனேன், ஜோன்ஸ் இல்லை. ஆஸ்திரேலியா 574ல் டிக்ளேர் செய்தது, நம் கேப்டன் கபில் களத்துக்கு வந்தார், அவ்வளவுதான்.

ஆனால் இங்கே எல்லோரும் வீரம், ரோஷம் என்று எழுதுவதால் ஒன்று சொல்ல வேண்டும். நான் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன். சென்னையில் செப்டம்பர் மாதத்தில் வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கும். வேர்வை காய வழியில்லை, அதனால் உடம்பு ஆறாது. அந்த நிலையில் வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தும் பிரயோசனமில்லை, உப்பும் சேர்ந்து போக வேண்டும். நீர்மோரில் உப்பு, எலுமிச்சை ஜூஸில் உப்பும் சர்க்கரையும். எதுவும் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் ஒவ்வொரு வாய் குடிக்க வேண்டும். கெண்டைக்கால் இழுத்தால் உடனே நிழலுக்கு வரட்டும். பையன் வாந்தி எடுக்கிறான், எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நிற்கிறான், பேச்சு குழறுகிறது என்றால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணி போட்டு, விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். ஜோன்ஸ் பிழைத்தார் என்பதற்காக உங்கள் பிள்ளையை நிற்க வைக்காதீர்கள். சனி ஞாயிறு லீக் ஆட்டங்களில் "இன்னும் ரெண்டு ஓவர் தாங்குடா" என்று வெளியிலிருந்து கத்தும் அப்பாக்களைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிகிறது.

மயிலை மாலி | 25 செப்டம்பர்

நேற்று டீனோ, இன்று எஸ்பிபி. என்ன வாரம் இது.

பாலு சார், மட்டையில் பட்டதை நீங்கள் ஸ்டாண்டிலிருந்து பார்த்தீர்களா? மணிந்தர் அப்படிச் சொல்கிறார், அவ்வளவுதான். விக்ரம்ராஜு கையைத் தூக்கிய விநாடியில் எனக்கும் அழுகை வந்தது. அதற்காக அந்த மனிதரை இன்னும் வையலாமா? ஐந்து நாள் ஆடி, கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில், 347க்கு ஆல் அவுட்! 1960 பிரிஸ்பேனுக்குப் பிறகு டெஸ்டில் இரண்டாவது டை. நம் ஊரில் நடந்தது.

என்னிடம் உள்ளது 1987 கதை. உலகக்கோப்பை, அக்டோபர் 9, அதே மைதானம், அதே மணிந்தர் பந்து. ஜோன்ஸ் தூக்கி அடித்தார், பந்து எங்கள் பக்கம் வந்தது. ஃபோர் என்று கொடுத்தார்கள். ஜோன்ஸ் சிக்ஸ் என்றே நின்றார். இடைவேளையில் கபிலிடம் பேசினார்கள், அவர் சரி என்றார், ஆஸ்திரேலியாவின் 268 என்பது 270 ஆனது. நாம் 269ல் ஆல் அவுட், ஒரு ரன்னில் தோற்றோம். ஸ்டீவ் வாவ் பந்தில் கடைசியாக ஸ்டம்பைப் பறிகொடுத்தவரும் மணிந்தர்தான்.

நானும் தம்பியும் கம்பி வேலிக்குப் பக்கத்தில் இருந்தோம். அது சிக்ஸ். கயிற்றைத் தாண்டித்தான் விழுந்தது, என் கண்ணால் பார்த்தேன். தம்பி ஃபோர் என்கிறான். அவன் பெண் கல்யாணப் பந்தியில்கூட இதே சண்டைதான். நேற்று ராத்திரி ஜோன்ஸ் செய்தியைச் சொல்ல போன் போட்டேன். ஐந்து நிமிஷம் இரண்டு பேருக்கும் பேச்சே வரவில்லை. பிறகு அவன், "ஆனாலும் அது ஃபோர்தாண்ணா" என்றான்.

அருண், வேளச்சேரி | 25 செப்டம்பர்

நான் பிறந்ததே 1992. எனக்கு அவர் டிவியில் வந்த ப்ரொஃபசர் டீனோதான். அப்பா ஒவ்வொரு தடவையும் சத்தத்தைக் கூட்டி, "இவர் நம்ம சேப்பாக்கத்துல வாந்தி எடுத்து 210 அடிச்சவர்டா" என்பார். இங்கே படித்த பிறகுதான் அப்பா எதையும் மிகைப்படுத்தவில்லை என்று தெரிகிறது. வாசு சார், மைதானத்தை ஒட்டி ஓடும் பக்கிங்காம் கால்வாய் நாற்றத்தைப் பற்றி அவர் சொல்லியிருக்கிறாரே, ஸ்டாண்டு வரைக்கும் வருமா?

திருவல்லிக்கேணி வாசு | 25 செப்டம்பர்

வரும் தம்பி, காற்று திரும்பினால் வாயில் சோறு வைக்க முடியாது. அவர் அதையும் சுவாசித்துக்கொண்டுதான் எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்றார்.

மாலி, 87ல் நானும் அந்தப் பக்கம்தான் இருந்தேன். சிக்ஸ். தம்பியின் நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், நானே பேசுகிறேன்.