ஓட்டை மாற்றிப் போட்ட 11 பேருக்கு ஒன்றுமில்லை, கடிதம் கொடுத்த 18 பேருக்குப் பதவி போச்சு. எப்படி?

திண்ணை ராசு:
சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில், அ.தி.மு.க.வின் ஓ.பி.எஸ். அணி எம்.எல்.ஏ.க்கள் 11 பேர் முதல்வர் எடப்பாடி பழனிசாமிக்கு எதிராகவே ஓட்டுப் போட்டார்கள். பதவி போகவில்லை. ஆகஸ்ட் 22-இல் அதே கட்சியின் தினகரன் அணியினர், முதல்வர் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம்தான் கொடுத்தார்கள், சபைக்குள் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை. செப்டம்பர் 18-இல் 18 பேரின் பதவியும் காலி.

எங்கள் தொகுதி அந்த 18-இல் ஒன்று. அம்மாவுக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்க எம்.எல்.ஏ. ஆபீஸுக்குப் போனால் பூட்டு. போர்டில் பேருக்கு மேல் பேப்பர் ஒட்டியிருந்தார்கள். தப்பு செய்தது அவர் என்றே வைத்துக்கொள்வோம், தண்டனை எனக்கா?

மணிமாறன்:
சபையில் எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி சார்பில் உத்தரவிடுபவர் கொறடா. அவர் சொன்னதை மீறினால்தானே நடவடிக்கை? கடிதத்துக்கு எப்படிச் செல்லும்?

பழைய குமாஸ்தா:
மணிமாறன், அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 1985-இல் அரசியல் சட்டத்தில் வந்த பத்தாவது அட்டவணையில், அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டத்தில், பதவி பறிக்க முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போடுவது, அல்லது ஓட்டுப் போடாமல் இருப்பது. இன்னொன்று, 'தானாக முன்வந்து' கட்சியை விட்டுப் போவது. இதற்கு ராஜினாமாக் கடிதம் வேண்டாம், நடத்தையை வைத்தே முடிவு கட்டலாம் என்று 1994-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 18 பேரும் மாட்டியது இதில்தான். முதலில் கையெழுத்துப் போட்டவர்கள் 19 பேர். கம்பம் ஜக்கையன் மட்டும் திரும்பி வந்தார், தப்பித்தார்.

இப்போது ராசு கேட்டதற்கு வருகிறேன். முதலில் முடிவெடுப்பவர் சபாநாயகர், அவரும் கட்சிக்காரர். ஓ.பி.எஸ். ஆகஸ்ட் 21-இல் துணை முதல்வர் ஆகிவிட்டார். வீட்டுக்குத் திரும்பிய பிள்ளை மேல் யார் பிரம்பெடுப்பார்கள்? அந்த 11 பேர் விவகாரம் 2020 பிப்ரவரி வரை உச்ச நீதிமன்றத்தில் கிடந்து, சபாநாயகர் நோட்டீஸ் அனுப்பிவிட்டார் என்றதும் முடித்துவைக்கப்பட்டது. அவர் இத்தனை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று அட்டவணையில் ஒரு வரிகூட இல்லை. மூன்று மாதம் என்று உச்ச நீதிமன்றம் ஓர் அளவு சொன்னதே 2020 ஜனவரியில்தான்.

கணக்கையும் பாருங்கள். ஆர்.கே. நகர் காலியாக இருந்ததால் சபையில் 233 பேர், பெரும்பான்மைக்கு 117 வேண்டும். 18 பேரை நீக்கியதும் 215, அதாவது 108 போதும். தண்டனை என்பதைவிட இதை எண்ணிக்கைச் சிகிச்சை என்றுதான் நான் சொல்வேன்.

உயர் நீதிமன்றத்திலும் லேசில் முடியவில்லை. 2018 ஜூன் 14-இல் இரு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு. மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25-இல் நீக்கம் செல்லும் என்றார். அதுவரை இடைத்தேர்தல் அறிவிக்கவும் தடை. ராசு பார்த்த பூட்டுக்குக் காரணம் அதுதான்.

கயல்:
பிரிட்டனில் 2019 செப்டம்பரில் கன்சர்வேடிவ் கட்சி ஒரே இரவில் 21 பேரைத் தன் நாடாளுமன்ற அணியிலிருந்து நீக்கியது. முன்னாள் நிதியமைச்சர் கென்னத் கிளார்க்கும் அதில் ஒருவர். ஆனால் எம்.பி. பதவி அவர்களிடமே இருந்தது, சுயேச்சையாக உட்கார்ந்தார்கள். கட்சி தன் சீட்டைத் தராமல் போகலாம், ஜனங்கள் தந்ததைப் பிடுங்குவதுதான் எனக்கு உறுத்துகிறது.

பழைய குமாஸ்தா:
சரிதான். ஆனால் 1967-இல் ஹரியானாவில் கயா லால் பதினைந்தே நாளில் மூன்று தடவை கட்சி மாறினார். அந்தக் கூத்தையும் மறக்கக்கூடாது. கொறடாவை அரசு கவிழக்கூடிய ஓட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற மசோதாக்களில் விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

திண்ணை ராசு:
நன்றி அண்ணே, இப்போது புரிகிறது. அம்மாவின் கடிதத்துக்குப் பக்கத்துத் தொகுதி எம்.எல்.ஏ.விடம் போனோம். அவர் உதவியாளர் கேட்ட முதல் கேள்வி: "உங்க ஓட்டு எந்தத் தொகுதிலம்மா?"