விடுதலை கொடுத்த சட்டமே பிலிப்பினோக்களை அந்நியராக்கியது எப்படி?

கேள்வி:
அமெரிக்கக் குடியேற்ற வரலாற்றைப் படித்து வருகிறேன். சீனர்களும் ஜப்பானியர்களும் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்த காலத்தில் பிலிப்பினோக்கள் மட்டும் தடையின்றி ஹவாயிலும் கலிபோர்னியாவிலும் வந்திறங்கியிருக்கிறார்கள். ஆனால் 1934இல் வந்த டைடிங்ஸ்-மெக்டஃபி சட்டம், பிலிப்பைன்ஸுக்கு விடுதலையை உறுதி செய்த கையோடு, அம்மக்களை அந்நியராகக் கருதி, குடியேற்றத்தை ஆண்டுக்கு 50 பேர் என்று சுருக்கிவிட்டது. இதற்குக் காரணம் என்ன? இரு நாட்டு உறவு இன்றும் அம்மக்களின் நிலையைத் தீர்மானிக்கிறதா?

முதல் பதில்:
1898ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கையின்படி ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர் கொடுத்து அமெரிக்கா பிலிப்பைன்ஸ் தீவுகளைப் பெற்றது. அங்கிருந்தவர்கள் அமெரிக்க ஆட்சிக்குட்பட்டவர்களாக ஆனார்களே தவிர, குடிமக்களாகவில்லை; ஆனால் அந்நியர் அல்லர் என்பதால் தடையின்றி வர முடிந்தது. 1906இல் 15 பேர் ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தார்கள்; பின்னர் பல்லாயிரம் பேர் தொடர்ந்தார்கள். 1930இல் கலிபோர்னியாவின் வாட்சன்வில் நகரில் அவர்களைத் தாக்கிக் கலவரமே நடந்தது. ஆகவே, விடுதலைச் சட்டத்தை ஆதரித்த எல்லாரும் பிலிப்பைன்ஸ் மீது பரிவு கொண்டவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பிலிப்பினோத் தொழிலாளரையும் பிலிப்பைன்ஸ் சர்க்கரையையும் வெளியே நிறுத்த விரும்பியவர்களும் அவர்களுள் இருந்தனர். 1935இல் ஊர் திரும்ப இலவசக் கப்பல் பயணம் தருவதாக அரசு அறிவித்தது. ஏறிவிட்டால் அந்த 50 பேர் வரம்புக்குள்தான் மீண்டும் வர முடியும் என்பதால், இரண்டாயிரத்துச் சொச்சம் பேரே ஏறினார்கள்.

இரண்டாம் பதில்:
நண்பர் கூறியதுடன் 1946ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1941 ஜூலையில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் பிலிப்பைன்ஸ் படையினரை அமெரிக்கப் படைச் சேவைக்கு அழைத்தார். போர் முடிந்ததும், 1946 பிப்ரவரியில், அவர்களில் பெரும்பாலோருக்கு முன்னாள் வீரர்களுக்குரிய பலன்களை அமெரிக்கக் காங்கிரஸ் மறுத்துவிட்டது. அதே ஆண்டு ஜூலை 2 அன்று, விடுதலைக்கு இரண்டே நாள் முன்னதாக, அமெரிக்காவில் வாழ்ந்த பிலிப்பினோக்களுக்குக் குடியுரிமை பெறும் வழி திறக்கப்பட்டது. கொடுத்ததும் பறித்ததும் ஒரே காங்கிரஸ்தான். அவ்வீரர்களில் உயிரோடு எஞ்சியிருந்தவர்களுக்கு 2009இல் ஒருமுறைத் தொகை வழங்கப்பட்டது: அமெரிக்கக் குடிமக்களுக்கு 15,000 டாலர், மற்றவர்களுக்கு 9,000 டாலர். ஒரே போரில் நின்றவர்களைக் கடவுச்சீட்டை வைத்துப் பிரித்த இக்கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்றாம் பதில்:
தங்களுடைய இரண்டாவது கேள்விக்கு என் பதில், ஆம் என்பதே. 1947ஆம் ஆண்டு இராணுவத் தள உடன்பாட்டின் கீழ் அமெரிக்கக் கடற்படை பிலிப்பைன்ஸ் மண்ணிலேயே ஆளெடுத்தது. படித்த இளைஞர்களும்கூட நெடுங்காலம் அதிகாரிகளுக்குச் சமைத்துப் பரிமாறும் பணியிலேயே நிறுத்தப்பட்டார்கள். 1991இல் பிலிப்பைன்ஸ் செனட் 12-க்கு 11 என்ற வாக்கில் அமெரிக்கத் தளங்களுக்கான புதிய ஒப்பந்தத்தை நிராகரித்ததும், மறு ஆண்டோடு அந்த ஆள்சேர்ப்பும் நின்றது. செவிலியர் வருகையும் இப்படித்தான்: அமெரிக்க ஆட்சி அங்கே ஆங்கில வழிச் செவிலியர் பள்ளிகளை நிறுவியிருந்ததால், திறன் பெற்றவர்களுக்கு வழி திறந்த அமெரிக்காவின் 1965 குடியேற்றச் சட்டம் வந்தபோது ஆட்கள் ஆயத்தமாக இருந்தார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் அரசுகளே தீர்மானிப்பதாக நான் கருதவில்லை. பற்பசையும் டின் இறைச்சியும் சாக்லேட்டும் திணித்து, நாடா ஒட்டி, வெளிநாட்டில் வாழும் பிலிப்பினோக்கள் ஊரிலுள்ள உறவினருக்குக் கப்பலில் அனுப்பும் 'பாலிக்பாயன்' பெட்டியை எந்த உடன்படிக்கையும் ஏற்படுத்தவில்லை. அதற்குச் சுங்கச் சலுகை அளித்து பிலிப்பைன்ஸ் அரசுதான் மக்களைப் பின்தொடர்ந்தது. அமெரிக்கக் குடியுரிமை பெற்று தாய்நாட்டுக் குடியுரிமையை இழந்தவர்கள் அதைத் திரும்பப் பெற 2003இல் அங்கே சட்டம் வந்ததையும் நான் அந்த வரிசையிலேயே வைக்கிறேன்.