சிக்னல் ஃபுல்லா இருக்கு, எதுவும் ஓப்பன் ஆகல: ஹாஸ்டல் வைஃபை அனுபவங்கள்

ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் நெட்வொர்க் பார்க்கிறேன். 6 ஹாஸ்டல் பிளாக்கும் அப்போது ஒரே வீலேனில் (ஒரே உள் நெட்வொர்க்கில்) இருந்தன, /20, அதாவது சுமார் 4,000 முகவரிகள். ராத்திரி 9 மணி ஆனால் வார்டன் போன் வந்துவிடும்: "சிக்னல் முழுசா காட்டுது, வாட்ஸ்அப்கூடப் போகலைன்னு பசங்க நிக்கிறாங்க." கல்லூரிக்கு இன்டர்நெட் வரும் லீஸ்டு லைனைப் பார்த்தால் பாதிகூட நிரம்பியிருக்காது.

ஒரு நாள் 3ஆம் மாடி வராந்தாவில் உட்கார்ந்து, லேப்டாப்பை மானிட்டர் மோடில் (காற்றில் போகும் எல்லா வைஃபை பாக்கெட்டையும் கேட்கும் நிலை) போட்டு 6ஆம் சேனலைப் பிடித்தேன். பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கில் வரிக்கு வரி 224.0.0.251, போர்ட் 5353. எல்லாம் எம்டிஎன்எஸ், அதாவது கருவிகள் ஒன்றையொன்று தேடும் மல்டிகாஸ்ட் (ஒரே சமயத்தில் பலருக்கும் போகும்) செய்தி. ஒவ்வொரு போனும் "பிரிண்டர் இருக்கா, டிவி இருக்கா" என்று ஊருக்கே கேட்கிறது, பதிலும் பெரும்பாலும் ஊருக்கே போகிறது. டேட்டா ரேட்டைப் பார்த்தேன்: 1 எம்பிபிஎஸ்.

ஏபி (வைஃபை பெட்டி) அனுப்பும் மல்டிகாஸ்டுக்கு அக் (கிடைத்தது என்ற பதில்) கிடையாது. கடைசி அறைக்கும் கேட்கட்டும் என்று அதைக் குறைந்த ரேட்டில்தான் அனுப்பும். அந்த ரேட்டில் 300 பைட் பாக்கெட் ஒன்றுக்கே சுமார் 2.8 மில்லி செகண்ட். நொடிக்கு 100 வந்தால் ஏர்டைமில் (காற்றில் அனுப்பக் கிடைக்கும் நேரம்) கால் பங்குக்கு மேல் போச்சு. ஒரே வீலேன் என்பதால் அதே 100 எல்லா ஏபியிலும் ஒலிக்கும். ஒரே சேனலில் 2 ஏபி ஒன்றையொன்று கேட்டால் கணக்கு இரட்டிப்பு.

முதலில் நான் செய்தது தப்பு. மல்டிகாஸ்டை மொத்தமாக அடைத்தேன், ஐபிவி6 (புதிய ஐபி முகவரி முறை) படுத்துவிட்டது. ரவுட்டர் தன்னை அறிவிக்கும் ரவுட்டர் அட்வர்டைஸ்மென்ட், பக்கத்துக் கருவியைக் கண்டுபிடிக்கும் நெய்பர் டிஸ்கவரி எல்லாம் மல்டிகாஸ்டில்தானே போகிறது! அரை மணி நேரத்தில் திருப்பி எடுத்தேன்.

பிறகு பிளாக்குக்கு ஒரு வீலேன், குறைந்தபட்ச ரேட் 12 எம்பிபிஎஸ். செமினார் ஹால் டிவிக்கும் லைப்ரரி பிரிண்டருக்கும் மட்டும் எம்டிஎன்எஸ் கேட்வே (அந்தத் தேடலை வீலேன் தாண்டிக் கடத்துவது). ராத்திரி போன் நின்றது.

பியர்-டு-பியர் பிளாக்கிங்கையும் (வைஃபை கருவிகள் ஒன்றோடொன்று நேராகப் பேசாமல் தடுப்பது) போட்டிருந்தேன். அதை இன்றும் யோசிக்கிறேன். ஃபைனல் இயர் பிள்ளைகள் இருவர் ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு சிப்) போர்டைக் கையில் பிடித்தபடி வந்தார்கள். "சார், ரெண்டும் ஒரே வைஃபைலதான் இருக்கு, பிங் போகல." அவர்கள் கேட்டது நியாயம். படிக்க வந்த இடத்தில் ஒரு கருவி இன்னொன்றோடு பேசக் கூடாது என்றால் அது என்ன நெட்வொர்க்? லேபுக்கு மட்டும் தடையில்லாத தனி எஸ்எஸ்ஐடி (வைஃபை பெயர்) கொடுத்தேன்.

—

இதற்கு வந்த மறுமொழி: சார், எங்கள் கேம்பஸில் தொல்லை வேறு மாதிரி. விண்டோஸ் லேப்டாப் அப்டேட்டைப் பக்கத்து மெஷினிலிருந்து வாங்கும் வசதி இருக்கிறதே, அது ஒரே பப்ளிக் ஐபியில் வெளியே போகும் எல்லோரையும் அக்கம்பக்கம் என்று எடுத்துக்கொள்கிறது. எங்களுக்கு நேட் (எல்லோரையும் ஒரே பப்ளிக் ஐபியில் வெளியே அனுப்புவது) ஒன்றுதான், அதனால் மொத்தக் கேம்பஸும் பக்கத்து வீடு. வயரில் இது நல்ல விஷயம். வைஃபையில் ஒரே ஃபைல் ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை காற்றைத் தின்னும். வயர்லெஸ் கிளையன்ட்களுக்கு நடுவே அந்த வசதி பயன்படுத்தும் 7680 போர்ட்டை மூடினோம், அப்டேட் நேராக நெட்டிலிருந்து வந்தது.

ஒன்று மட்டும் சரிபாருங்கள். எங்கள் ஐசொலேஷன் (நீங்கள் சொன்ன பியர்-டு-பியர் பிளாக்கிங் போன்றது) ஒரே ஏபிக்குள் இருப்பவர்களைத்தான் தடுத்தது. அடுத்த ஏபியில் இருப்பவனுக்குப் பாதை திறந்தே கிடந்தது. ஸ்விட்சில் தனியாக ஏசிஎல் (எது யாருக்குப் போகலாம் என்ற விதி) போட்ட பிறகுதான் அடைந்தது.